வெள்ளித்தாள் பாதுஷா

1998ஆம் ஆண்டு தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை, கூட்டேரிப்பட்டில் நாற்பத்தோரு பேருடைய வயிற்றுக்குள் கிடந்ததெல்லாம் புடவை, சட்டையைத் தாண்டி வெளியே தெரிந்தது. அன்று காலை தேவநாதன் புது மிட்டாய்க்கடையைத் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டிய பாதுஷா கொடுத்திருந்தார். நல்ல வெள்ளித்தாள் விலை அதிகம் என்று, கண்ணாடிக்கு வெள்ளி பூசும் ஒரு பட்டறை கழித்துப்போட்ட சில்லுகளை அள்ளி வந்து தண்ணீரில் ஊறவைத்து, பாலாடை போல மிதந்த பூச்சை எடுத்து ஒட்டியிருந்தார். கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

திண்டிவனத்தில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த வெங்கடாசலம் மிச்சப் பாதுஷாவைப் புரட்டிப் பார்த்தார். "வெள்ளி இவ்ளோ மெல்லிசா, கண்ணுக்கே தெரியாத ஓட்டையோட இருந்தா வெளிச்சம் மோதித் திரும்பாதுங்க. மேலயே ஓடிக்கினு போயி, ஓட்டைல பூந்து, ஜாஸ்தியா அந்தப் பக்கம் வரும்" என்றார். தோலையும் துணியையும் எப்படித் தாண்டுகிறது என்று கேட்டதற்கு, அது பாடத்தில் இல்லை என்றார்.

பார்க்கச் சகிக்கவில்லை. அரைபட்ட இட்லியும் பாக்குச் சக்கையும் நுரைத்துப் புரண்டன, எழுதும்போதே குமட்டுகிறது. ஆனால் அதைவிட அசிங்கம் மாலையில் கோயிலில் நடந்தது. சிலுவைப்பாதைக்கு முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்த இருதயமேரி, தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து ஒருசந்தி, கறி தொடாமல் ஒருவேளைச் சாப்பாடுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் வயிற்றில் கொழுப்போடு நாலு துண்டு ஆட்டுக்கறி மினுங்கியது. பக்கத்தில் ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் கிளாரா. கர்ப்பிணிக்கு ஒருசந்தி கிடையாது என்று பாதர் சொல்லியும், அவளுக்கு ஒருவேளைக் கூழ்தான் கிடைத்தது. "திருட்டுத் தீனி தின்னுட்டு பசிக்குதுன்னு நடிக்கிறா" என்று மாமியார் சொன்னதை மகன் ஸ்டீபன்ராஜ் நம்பினான். கிளாரா வயிற்றில் பாதி பாதுஷாவும் இரண்டு வாய் கேப்பைக் கூழும்தான் இருந்தன. அதற்குக் கீழே குழந்தை, வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது.

"நெசமாவே நீ சாப்பிடலியா?" என்றான் ஸ்டீபன்ராஜ்.

"இப்பதான் கேக்கறீங்க" என்றாள் கிளாரா.

இருதயமேரி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "பாதர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க" என்றார். கவலை அது ஒன்றுதான். தூ!

கிளாரா அப்படியே எழுந்துபோய் கிளியனூரில் அம்மா வீட்டில் இறங்கினாள். மூன்றாம் நாள் ஸ்டீபன்ராஜும் துணிப்பையோடு அங்கேயே வந்து சேர்ந்தான். மற்றவர்களுக்குப் பத்து நாளில் வெளிச்சம் அடங்கியது. ஜூனில் பிறந்த சகாய பிரியாவுக்கு மட்டும் அடங்கவில்லை.

2012இல் அவளுக்குப் பதினான்கு வயது. ஊரில் யாரைக் கண்டாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். அவளை மட்டும் யாரும் கேட்பதில்லை. வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, காலியாக இருந்தால் தட்டு வைக்கிறார்கள்.