கிணறு என்று எழுதிய குழாய்

எங்கள் செம்பாக்கம் வீட்டுக் கிணற்றைப் பற்றி அப்பாவிடம் யாரும் குறை சொல்லிவிட முடியாது. தெருவே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கும்போது, அவர் ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு, இதற்கு முன்னால் இளநீர் தோற்றுப்போகும் என்பார். சுத்திகரிக்கும் மெஷின் ஒன்று வாங்கலாமே என்று நான் சொன்னதற்கு, சில நாள் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. ரிட்டையர்டு வாத்தியார் சுந்தரராமனின் பிடிவாதத்துக்கு முன்னால் என் டாக்டர் பட்ட ஆராய்ச்சியெல்லாம் எம்மாத்திரம்?

அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஆனாலும் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. ஏன் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஞானாம்பாளைக் கடைசிவரை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன் என்ற ஆறுதலில்தான் அப்பா எழுந்து நடமாடுகிறார். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில், விடுதியில் தங்கி, நான் மட்டி என்னும் சிப்பிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன். மட்டி நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும். தண்ணீரில் விஷம் இருந்தால், அதன் உடம்புக்குள் ஆக்சிஜனே எதிரியாகி உயிரணுக்களை அரித்துவிடும். அதன் சதையை அரைத்து, மருந்து சேர்த்துக் கொதிக்கவைத்தால் ரோஸ் நிறம் வரும். நிறம் ஏற ஏறச் சேதம் அதிகம் என்று அர்த்தம். ஒரு தொட்டியில் சாக்கடை கலந்த ஏரித் தண்ணீர் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தொட்டிக்கு நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் என்றதும் எங்கள் வீட்டில் பிறந்தவளுக்கு வேறு எது தோன்றும்?

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாராவாரம் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சோதனைக் குழாய்களில் ஒட்டும் சீட்டுகளைக்கூட அவர்தான் தன் குண்டு எழுத்தில் 'ஏரி', 'கிணறு' என்று எழுதிக் கொடுத்தார். ரோஸ் விவகாரத்தையும் விலாவாரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஏரிக் குழாய் ரோஸாயிற்று. கிணற்றுக் குழாய் அதைவிட அழுத்தமான ரோஸாயிற்று.

என் வழிகாட்டி வேதசிரோமணி மேடம் முதலிலிருந்து திரும்பச் செய்யச் சொன்னார். செய்தேன். அதே ரோஸ். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். உலோகக் கழிவு கலந்திருப்பதாக முடிவு வந்தது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் பல வருஷம் ஓடி, இப்போது மூடிக் கிடக்கும் முலாம் பூசும் பட்டறை என் நினைவுக்கு வந்தது. மட்டியை வைத்து அம்மாவின் சாவுக்குக் காரணம் சொல்லிவிட முடியாது என்றார் மேடம். எனக்கும் தெரியும். ஆனால் அப்பா இன்னமும் அதைத்தான் குடிக்கிறார். சொன்னால் அந்த ஆறுதலும் போய்விடும். சொல்லாமல் விடவும் முடியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று, இந்த வாரம் தண்ணீர் வேண்டாம் என்று மட்டும் போனில் சொன்னேன். அவரைச் சிரமப்படுத்தக் கூடாதென்று சொல்கிறேன் என நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மத்தியானம் கேனும் கையுமாக வந்து நின்றார்.

குழாய்கள் மேஜைமேல் தாங்கியில் இருந்தன. நான் மறைக்கப் போவதற்குள் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். தன் கையெழுத்தைத் தானே படித்தார். பக்கத்துக் குழாயையும் பார்த்தார்.

"மாத்தி ஒட்டிட்டியா, மிருதுளா?"

"இல்லப்பா."

ஸ்டூலில் உட்கார்ந்தார். என் அழுகையை அடக்க முடியவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

"மொதல்ல டாக்டர் நெறைய தண்ணி குடிக்கச் சொன்னார் இல்லையா? அவ போதும் போதும்னா. நான்தான் விடாம, இன்னும் ஒரு டம்ளர், இன்னும் ஒரு டம்ளர்னு குடுத்தேன்."

அதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது, அப்பா, என்றேன். அவர் தலையாட்டினார், வகுப்பில் புரியாத பையன் ஆட்டுவதுபோல. பிறகு எழுந்து கேனைத் தூக்கிக்கொண்டு தொட்டியைப் பார்த்தார், கை கழுவும் இடத்தைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே செடிகளைப் பார்த்தார்.

"இதை எங்கேம்மா கொட்டறது?" என்று கேட்டார்.