உதட்டோரம் தொங்கிய விசில்

"ரத்தம்!" என்றாள் மனைவி.

கண்டக்டர் பதறிப்போய்த் திரும்பினார். "எங்கே?"

"உங்க வாயிலதான். மறுபடியும் உதட்டைக் கடிச்சு வச்சிருக்கீங்க. மெல்லுறது சோறா உதடான்னுகூடத் தெரியலையா?"

தெரியவில்லை. அதுதான் பிரச்னை.

பஸ் சடாரென்று நின்றபோது கம்பியில் மோதி அவர் தாடை உடைந்தது. ஆபரேஷன் செய்து, உள்ளே ஒரு தகட்டை வைத்துத் திருகி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. கீழுதடும் மோவாயும்தான் செத்துக் கிடந்தன. பல் பிடுங்கப் போட்ட மரப்பு ஊசியின் வேகம் இறங்காமலே தங்கிவிட்டது போல. மரத்ததாவது ஒழுங்காக மரத்ததா? உள்ளே எறும்பு ஊர்ந்தது. திடீரென்று சுரீர் என்று இழுத்தது. தொட்டுப் பார்த்தால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரின் உதட்டைத் தொட்டது போல இருந்தது.

"நரம்பு மெதுவாத்தான் முழிக்கும். முழிக்காமலும் போகலாம்" என்று டாக்டர் கைகழுவினார்.

டெப்போ மேனேஜருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "திங்கக்கிழமை வந்து விசில் அடிச்சுக் காட்டுங்க. முடியலைன்னா தொலைஞ்ச சாமான் ரூம்தான்."

குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் காவல்! ஓடுகிற பஸ்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு அது உயிரோடு சமாதி.

பால்கனியில் உட்கார்ந்து விசிலை ஊதிப் பழகினார். உதடு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்றே தெரியாததால் காற்று ஓரமாக நழுவியது. எச்சில்தான் வந்தது.

"பஞ்சரான டியூப் மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி.

"கிண்டல் பண்ணாதே. மேனேஜர் போன் பண்ணா, நல்லாயிடுச்சுன்னு சொல்லு."

"பொய்யா? அவர் என்ன, போன்லயா விசில் கேக்கப் போறார்? நேர்ல ஊதணுமே!"

அவர் விசிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். பேசினாலே தாடை கனத்தது.

மதியம் மனைவி பையை எடுத்துக்கொண்டாள். "மாத்திரை தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன். சாஞ்சு தூங்கிடாதீங்க. எச்சில் தொண்டைக்குள்ள போயிடும்."

"ம்."

ஊதினார். காற்று. மறுபடி ஊதினார். காற்று. போட்டிருந்த வலி மாத்திரை இமையைக் கீழே இழுத்தது. தலை பின்னால் சாய்ந்தது. விசில் வாயிலேயே இருந்தது. கீழுதட்டுக்குத் தெரிய வழியில்லை. மேலுதட்டைத் தூக்கம் கொண்டுபோயிருந்தது.

பால்கனிக்கு நேர் கீழேதான் பஸ் ஸ்டாப். பஸ் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து எச்சில் தொண்டையில் இறங்கியது. இருமினார். ஒன்று. இரண்டு.

பீப்! பீப்!

இரண்டு விசில் என்றால் 'போலாம்.' பஸ் போனது.

"ஐயோ!"

மனைவியின் குரல்! கண்டக்டர் துள்ளி எழுந்து எட்டிப் பார்த்தார். மாத்திரைப் பையோடு இறங்கப்போனவள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் படியில், இன்னொரு கால் ரோட்டில் உரசிக்கொண்டு.

ஒரு விசில். ஒரே ஒரு விசில் அடித்தால் பஸ் நின்றுவிடும்.

விசிலை வாயில் வைத்து உயிரைக் கொடுத்து ஊதினார்.

காற்று.

பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ தகரத்தை ஓங்கி ஓங்கித் தட்டினார்கள். பிரேக் கிறீச்சிட்டது. நின்றது.

அவள் மாடி ஏறி வந்தபோது ஒரு செருப்பு அறுந்திருந்தது. முழங்கால் சிராய்த்திருந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எந்தப் பாவி விசில் அடிச்சான்னே தெரியலைங்க. அந்த பஸ் கண்டக்டரோ, தான் அடிக்கவே இல்லைன்னு சத்தியம் பண்றான்."

சும்மா இருந்திருக்கலாம்.

"நான்தான்" என்றார்.

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "நிஜமாவா? சத்தம் வந்துடுச்சா?"

"இருமல்மா. தூக்கத்துல. விசில் வாயில இருந்ததே எனக்குத் தெரியாது. நீ தொங்கறதைப் பாத்து ஊதினேன் பாரு, அப்ப வரலை."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் போனை எடுத்தார்.

"சார், திங்கக்கிழமை விசில் அடிக்க வரலை. உதட்டுல உணர்ச்சி இன்னும் வரலை சார். எப்ப வரும்னும் தெரியலை. அந்த ரூமுக்கே வந்துடறேன்... ஜன்னல் இருக்கா சார்?... சரி, பரவாயில்லை."

போனை வைத்துவிட்டு, பஞ்சும் மருந்துமாக அவள் காலடியில் உட்கார்ந்தார். சிராய்ப்பில் ஒற்றினார்.

"ஸ்ஸ்ஸ்!"

"எரியுதா?"

"எரியாம?"

அவருக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.