கருவாயன் மேல் போட்ட பழி

கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, மூக்கு தரையில் படும் அளவுக்குக் குனிந்து முகர்ந்து பார்த்தாள் ஜெயமேரி. மூத்திர வாடை போகவில்லை. ஐப்பசி மழை பிடித்து ஆறு நாளாகிறது. வெயில் காலத்தில் வாடை தரைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால், என்றைக்கோ துடைத்து மறந்ததெல்லாம் எழுந்து வந்து நிற்கும். இந்த எட்டு மாதத்தில் அவள் கற்றுக்கொண்டது அது. ஃபினாயில் ஊற்றினால் இரண்டு வாடையும் கலந்து மூன்றாவதாக ஒன்று கிளம்பும். வெந்நீர் ஊற்றினால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் ஒற்றி எடுத்து, வினிகர் கலந்த தண்ணீர் தெளித்து, காய்ந்தபின் ஆப்ப சோடாவைத் தூவி ஒரு பொழுது விட வேண்டும். காய்ந்தபின்தான். இந்த மழையில் எது காய்கிறது?

வாடைக்குக் காரணம் கருவாயன் என்றுதான் வீட்டில் பேச்சு. பத்து வயது நாட்டு நாய். மகன் பிராங்கிளின் காலேஜில் படிக்கும்போது மேட்டுப்பட்டிச் சாக்கடையோரம் குட்டியாகக் கிடந்ததைத் தூக்கி வந்திருந்தான். உண்மைக் காரணம் ஜெயமேரிக்கும் அவள் கணவர் இருதயநாதனுக்கும் மட்டுமே தெரியும்.

இருதயநாதன் முப்பது வருடம் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். அவர் விசில் ஊதினால் ஓடுகிறவன் அப்படியே நிற்பான் என்பார்கள். மாசி மாதம் புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவருக்குச் சிறுநீர் நிற்கவில்லை. முதல் தடவை மெத்தை நனைந்த காலையில் அவர் குளியலறைக்குள் போய்விட்டார். ஜெயமேரி ஈரத்தை ஒற்றிக்கொண்டிருக்கும்போது பிராங்கிளின் உள்ளே வந்தான். “என்னம்மா, நாயி பேஞ்சுருச்சா?” என்றான். ஒரு நொடிதான் யோசித்தாள். “ஆமாப்பு” என்றாள். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் சட்டென்று நின்றது.

அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அன்றிலிருந்து நனைந்ததெல்லாம் நாய் நனைத்ததாயிற்று. கருவாயனைக் கொல்லையில் சங்கிலி போட்டுக் கட்டினான் பிராங்கிளின். கட்டிய பிறகும் வாடை இருந்ததற்கு, தரையில் ஊறிவிட்டது என்று அவனே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டான். ஆன்லைனில் வாடை போக்குகிற, நாய் படம் போட்ட ஸ்பிரே பாட்டில் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தான். ஜெயமேரி கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கணவரின் மெத்தையில் அடிப்பாள். அவர் அப்போது சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார். கொல்லையில் சங்கிலி சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரில் ஒருவர் எதையாவது எடுக்கப் போவதுபோல எழுந்து போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் லிடியா தாய்வீட்டிலிருந்து மூன்று மாதக் குழந்தையோடு வருகிறாள். நாய் வாடையில் பிள்ளையைப் போடமாட்டேன் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். அதனால் நாயைக் கொண்டுபோக வெள்ளிக்கிழமை மதியம் சிறுமலையிலிருந்து பாண்டியராஜ் வேனோடு வந்து இறங்கினான். வாழைத் தோட்டத்துக் காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தவன்; இருதயநாதனின் பழைய மாணவன்.

“நல்லாருக்கீங்களா சார்?” என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு சீப்பு மலைவாழையை நாற்காலியில் வைத்தான். இருதயநாதன் கட்டிலில் உட்கார்ந்தபடியே தலையசைத்தார்.

பிராங்கிளின் கொல்லையிலிருந்து நாயை வீட்டு வழியாக இழுத்து வந்தான். அது முன்னங்கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டது. ஜெயமேரி வாசல் நிலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

“நாயி எங்கயும் போகாது.”

“பேசி முடிச்சாச்சும்மா. பச்சப்புள்ள வருது. இந்த நாத்தத்துல எங்கிட்டுப் போடுறது?”

“அது என்னடா செஞ்சுச்சு?”

“என்ன செஞ்சுச்சா? எட்டு மாசமா நீதான முட்டி தேயத் தொடைக்கிற?”

பதில் அவளிடம் இருந்தது. அது அவள் சொல்ல வேண்டிய பதில் இல்லை. வாசலை மட்டும் விடாமல் நின்றாள். பிராங்கிளின் சங்கிலியைச் சுண்டி இழுத்தான். கழுத்துப்பட்டை இறுகி நாய் இருமியது.

“விடுறா சங்கிலிய.”

மைதானத்தின் மறுகோடிக்கும் கேட்கிற குரல். இருதயநாதன் எழுந்து நின்றிருந்தார்.

“அது நாயி இல்ல. நான்தான்.”

பிராங்கிளினுக்குப் புரியவில்லை.

“ஆபரேசனுக்குப் பெறகு எனக்கு ஒன்னுக்கு நிக்கல. அம்புட்டும் நான் பேஞ்சது. அந்த நாயி ஒரு நா கூட வீட்டுக்குள்ள பேயல.” இதை அவர் பாண்டியராஜைப் பார்த்தே சொன்னார். பார்வை தாழவில்லை. கைலி முடிச்சை ஒரு தடவை இறுக்கிக்கொண்டார்.

பாண்டியராஜ் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தான். பிறகு, “எனக்கு வேற நாயி கெடைக்கும் சார். நான் வாரேன்” என்றான். ஜெயமேரி அவனுக்கு மட்டும் வழி விட்டாள்.

“சொல்லிருக்கலாமுல்லப்பா” என்றான் பிராங்கிளின். அவர் மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார். அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். “இப்ப லிடியாகிட்ட என்னன்னு சொல்றது?”

“உள்ளதச் சொல்லு. வீட்டுல வயசான மனுசன் இருக்காரு, நாத்தம் வரும், நாங்க தொடைப்போம்னு சொல்லு. வாரது பச்சப்புள்ள. அது மட்டும் பன்னீராப் பேயப் போகுது? நீ எட்டு வயசு வரைக்கும் பாய நனைச்ச. ஒன்னைய எந்தத் தோட்டத்துக்கு ஏத்திவிட்டேன்?”

அவன் சங்கிலியைக் கீழே போட்டான். கருவாயன் அதை இழுத்துக்கொண்டே போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்தது.

சனிக்கிழமை காலையில் மழை விட்டது. மெத்தையை வழக்கம்போலக் கொல்லைக்கு இழுக்கப் போனாள் ஜெயமேரி. இருதயநாதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“முன்னாடி போடுவோம் மேரி.”

“தெருவே பாக்குமே.”

“பாக்கட்டும்.”

காம்பவுண்டுச் சுவர் மேல் விரித்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மஞ்சள் வளையங்கள். மார்க்கெட்டுக்குப் போகிற இரண்டு பேர் நடையைத் தளர்த்தினார்கள். உள்ளே பிராங்கிளின் போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் லிடியா என்ன சொல்கிறாள் என்பது வெளியே கேட்கவில்லை. இருதயநாதன் ஒரு தடியை எடுத்து மெத்தையை அடிக்கத் தொடங்கினார், பஞ்சு இளகட்டும் என்று. தெருமுனை வரை கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் ஆப்ப சோடா வெள்ளையாகப் பறந்தது. வெயில் ஏற ஏற, ஈர மெத்தையிலிருந்து மெல்ல ஆவி கிளம்பியது.