உப்பு கம்மி

சுதீந்திராவுக்கு வீட்டில் எதுவும் கலைந்து கிடக்கக் கூடாது. மசாலா டப்பாக்கள்கூட அகரவரிசையில்தான் நிற்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஒழுங்குபடுத்த எடுத்தது மனைவி வினுதாவின் போனில் இருந்த சமையல் குறிப்புகளை.

"சாரு வகைக்கு ஒரு ஃபோல்டர், ரொட்டிக்கு ஒரு ஃபோல்டர்னு இருக்கில்ல? அப்புறம் எதுக்கு இந்த டேக்?"

"தேட சுலபமா இருக்குங்க."

"டேக்குங்கிறது சோம்பேறிங்க கண்டுபிடிச்சது."

அரிசி மாவில் அக்கி ரொட்டி தட்டிக்கொண்டிருந்த வினுதா மாவுக் கையோடு திரும்பினாள். அந்த டேக் வக்கீல் மமதா சொல்லிக்கொடுத்த வழி. அவன் அடித்த ஒவ்வொரு நாளையும் எழுது, ஒரே இடத்தில் வைக்காதே என்றிருந்தாள். அவரைக்காய்ச் சாரு என்ற குழம்பின் குறிப்புக்குக் கீழே ஒன்று, ஒப்பட்டு என்ற இனிப்புப் போளிக்குக் கீழே ஒன்று என்று ஒளித்துவைத்தாள் வினுதா. வேண்டும்போது அத்தனையும் ஒன்றாக வர, எல்லாவற்றுக்கும் 'உப்பு கம்மி' என்று ஒரே டேக். முதல் அறை அதற்குத்தான் விழுந்தது.

அவன் அந்த டேக்கைத் தட்டினான்.

"ஒப்பட்டுலகூட உப்பு கம்மியா? உன் சமையலுக்கு நீயே சர்டிஃபிகேட் குடுத்துக்கிட்டியா?"

குறிப்புகளின் தலைப்பு மட்டும்தான் தெரிந்தது. எதையாவது திறந்து ஒரு விரல் கீழே தள்ளினால் போதும், அவள் கதை முடிந்தது. நல்லவேளை, ஐயாவுக்கு அடுக்குகிற பொறுமைதான் உண்டு, படிக்கிற பொறுமை கிடையாது.

"எல்லாத்தையும் ஒரே ஃபைலாக்கிட்டேன். சுமேதா உன் ரெசிபி கேட்டுக்கிட்டே இருந்தால்ல, குடும்ப குரூப்ல போட்டாச்சு."

அந்தக் குரூப்பில் அவன் அம்மா, பெரியப்பா, அத்தைகள் எல்லாரும் இருந்தார்கள். எல்லாருக்கும் அவன் தங்கக் கம்பி. யார் முதலில் திறந்தாலும் அவனிடம்தான் கேட்பார்கள். வினுதா ரொட்டியைத் திருப்பிப்போட மறந்தாள்.

"ரொட்டி தீயுது. கவனம் எங்க இருக்கு?"

அவன் போன் அடித்தது. ஜெயநகரிலிருந்து அவன் தங்கை சுமேதா. ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னடி, ரெசிபி எப்படி?"

சுமேதாவின் குரல் அவசரமாக வந்தது.

"அண்ணிகிட்ட குடு. ஸ்பீக்கரை அணைச்சிட்டுக் குடு."

முகத்தைச் சுளித்துக்கொண்டு நீட்டினான். வினுதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணும் பேசாதீங்க. செருப்பை மாட்டிக்கிட்டுக் கீழ வாங்க. நான் கிளம்பிட்டேன்."

"அப்படி என்ன ரகசியம் ரெசிபியில?" என்றபடி நாற்காலியில் சாய்ந்த சுதீந்திரா, அவள் போனில் அந்த ஃபைலைத் திறந்து விரலால் மெல்லக் கீழே தள்ளினான்.