தேர்ச்சி பெற்ற ஆயா

“ஊத்தாதீங்கக்கா, பிள்ளைங்க இன்னும் ஒரு வாய்கூட...”

“தள்ளு. எனக்கு மட்டும் ஆசையா? இத ஊத்தலைன்னா நாளைக்கு...”

“...குடிக்கல. பதினோரு பிள்ளைங்கக்கா.”

“...ஒருத்தியும் பிள்ளைய இங்க விடமாட்டா. என் வாய நான் மூடிக்குவேன், லயத்து வாய யாரு மூடுறது?”

மீனம்மா சட்டியைச் சாய்த்துவிட்டாள். கொதிக்கவைத்து ஆற்றிய பால் ஆயாக் கொட்டகையின் சாக்கடையில் வெள்ளையாக ஓடியது. உள்ளே தூளிகளில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. தாய்மார் ரப்பர் மரம் சீவும் வெட்டுக்காட்டில். கெஞ்சிப் பார்த்த ராமாத்தாள்தான் அந்தப் பாலைக் கலக்கியவள்; அதிகாரிக்காகக் கட்டிய வெள்ளைச் சேலையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். பார்வையிட்டுத் திரும்பிய அதிகாரியின் கார் இன்னும் தோட்டத்து கேட்டைத் தாண்டவில்லை.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்து நாலாம் வருடம். செலண்டார் பக்கத்து அந்தத் தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டாகிவிட்டது. அரிசி முதல் பால்மாவு வரை எல்லாம் அளவுதான். அந்தச் சமயத்தில்தான், முதலாளிமார் தங்கள் ஆட்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் கடிதம் அனுப்பியது. பிள்ளை பார்க்கக் கற்றுவர ஒருத்தியை அனுப்பலாம் என்றார் தோட்டத்துத் துரை. துப்பாக்கிச் சத்தம் கேட்கிற காலத்தில் வேலிக்கு வெளியே பெண்டாட்டியை அனுப்ப, மேல்சாதி வீடுகள் வரிசையாக இருந்த மேல் லயத்தில் எந்தப் புருஷனும் ஒப்பவில்லை. கடைசி லயத்து ராமாத்தாள் போனாள். மலாக்கா டவுனில் மூன்று மாதம் இருந்து, தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்கவிடுவது, சீசாவை எப்படிக் கழுவுவது, எத்தனை கரண்டி மாவு என்றெல்லாம் படித்து, முத்திரை குத்திய தாளோடு திரும்பினாள்.

தாழ்ந்த சாதிக்காரி கரைத்த பாலா என்று மேல் லயத்துத் தாய்மார் பிள்ளைகளை வெட்டுக்காட்டுக்கே தூக்கிப் போனார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி யூஜின் ஒரு வழி கண்டுபிடித்தார். ராமாத்தாள் வாசலில் நின்று சொல்லவேண்டியது. ஆட்களை மேய்க்கும் மண்டோரின் பெண்டாட்டி மீனம்மா உள்ளே கலக்கவேண்டியது.

எட்டு மாதமாக அப்படித்தான் நடந்தது. மீனம்மா பாலில் விரலை விட்டுச் சூடு பார்ப்பாள். வேண்டாம் என்றால், ஆறு பிள்ளைகளை இந்த விரல்தான் வளர்த்தது என்பாள். மழைக்காலத்தில் இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் போயின. அதில் ஒன்று மீனம்மாவின் சொந்தப் பேத்தி. அதற்குப் பிறகும் ராமாத்தாளின் இடம் வாசல்தான்.

இன்றைக்கு மட்டும், அதிகாரி வருகிறார் என்று ராமாத்தாளை உள்ளே கூப்பிட்டுப் பால் கலக்கச் சொன்னார்கள். அவர் சீசாக்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ‘தேர்ச்சி பெற்ற ஆயா பணியில் இருக்கிறார்’ என்று எழுதிக்கொண்டு போனார்.

பாலைக் கொட்டியபின் பார்த்தால், டின்னின் அடியில் கொஞ்சம் மாவுதான் கிடந்தது. அடுத்த டின் திங்கட்கிழமை லாரியில்தான் வரும். இருந்ததைச் சுரண்டிப் போட்டு, பதினோரு சீசாவுக்கும் வருமாறு மீனம்மா தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் கொதித்திருக்கவில்லை. ராமாத்தாள் படியிறங்கி, தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் வந்து நின்றாள்.

கேட்டிலிருந்து யூஜின் சிரித்த முகமாக வந்தார். அதிகாரிக்கு ஏக சந்தோஷமாம். மற்ற தோட்டங்களுக்கு இது ஒரு பாடம் என்றாராம்.

“இன்னும் ரெண்டு பேர அனுப்பச் சொல்றாங்க. துரையும் சரின்னுட்டாரு. ஒங்க லயத்துலயே ரெண்டு பொம்பளைங்களப் பாத்துச் சொல்லு, ராமாத்தா.”

உள்ளே மீனம்மா பாலில் விரலை விட்டாள்.

“அனுப்புங்கையா. இந்த வாசல்ல இன்னும் ரெண்டு பேரு நிக்க எடம் இருக்கு.”