இனிப்பு கொஞ்சம் தூக்கல்

1

இந்தக் கதை ஓர் ஓட்டையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரப் பத்திரிகை ஒன்றில் என் சிறுகதை வந்திருந்தது. ஆசையாக அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பத்திரிகையைப் புரட்டினால், கடைசிப் பத்தி இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓட்டை. அதன் வழியாக அடுத்த பக்கத்துப் பற்பசை விளம்பரப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, என் கதை எங்கே?"

"அதுக்குப் பின்பக்கம் ஆரஞ்சு கேக் செய்முறை வந்திருந்துச்சு. வெட்டி எடுத்துட்டேன்."

"கதையைப் படிச்சியா, இல்லையா?"

"கேக் வேகட்டும். அப்புறம் படிக்கிறேன்."

கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அண்ணனைப் பற்றியே ஒரு கதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "துறைமுகத்திலேயே உயரமான கிரேனில் உட்கார்ந்து இரும்புப் பெட்டிகளைப் பூப்போல இறக்கிவைத்தவரின் வலது கையால், ஒரு நாள் காலையில் தேநீர்க் கோப்பையைக்கூட—"

அங்கேயே நிறுத்திவிட்டேன். எழுதியதில் பொய் இல்லை. அண்ணன் கிரேன் ஓட்டியவர்தான். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும் உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள். கைக்குட்டையோடு வருகிறவர்களைக் கண்டாலே அண்ணனுக்கு ஆகாது.

இன்னொரு தொடக்கம். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த சிகிச்சையாளர், "மாவு பிசைங்க, விரலுக்கு நல்லது" என்றார். பேருந்துப் பணிமனையில் எழுத்தராக இருக்கும் அண்ணி, வேலை முடிந்து வரும்போது மாவு வாங்கி வந்தார். அண்ணன் பிசைந்தார். பிசைந்ததைப் பார்த்தார்.

"இதைத் தூக்கியா போடுறது?"

அண்ணி சேர்த்து வைத்திருந்த பழைய பத்திரிகைகள் பரணிலிருந்து இறங்கின. அண்ணி படிக்க, அண்ணன் செய்தார்.

"அவனை முன்கூட்டியே சூடாக்கவும்."

"எவனை?"

"அடுப்பைங்க."

"அப்ப அடுப்புன்னு போட வேண்டியதுதானே! சரி, உப்பு எவ்வளவு?"

"தேவையான அளவு."

"யாருக்குத் தேவையான அளவு?"

(இந்தப் பேச்சை நான் கற்பனை செய்யவில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.)

முதலில் வந்த வெண்ணெய் பிஸ்கட்டால் சுவரில் ஆணி அடிக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர், சித்தப்பா, நான், எல்லோரும் "அருமை" என்றோம். அண்ணன் முகம் சுருங்கியது.

"கல்லைக் கடிச்சுட்டு அருமைங்கிறாங்க. பிஸ்கட்டைப் பார்த்தா சொல்றாங்க? என் கையைப் பார்த்துச் சொல்றாங்க."

3

அண்ணன் மகளைப் பற்றி எழுதும்போது எனக்குச் சிக்கல் வந்தது. வீட்டில் அவள் குட்டி. வெளியே ரயில் ஓட்டுநர். பயிற்சி முடிந்து முதல்முறை தனியாக வண்டி ஓட்டியதற்காக, கூட வேலை செய்கிறவர்களை வீட்டுக்கு அழைத்திருந்தாள். அப்பா கேக் செய்வதாகச் சொல்லியும், கடையில் ஒரு கேக்குக்குச் சொல்லிவைத்துவிட்டாள்.

ஆகா, கிடைத்தாள் வில்லி என்று என் பேனா குதித்தது. "அப்பாவின் கேக்கை நினைத்து வெட்கப்பட்ட மகள்" என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன். பிறகு அவளிடமே கேட்டேன்.

"வெட்கமா? என்ன அத்தை நீங்க! கேக் மேல எழுதும்போது அவருக்குக் கை நடுங்குது. இத்தனை பேர் முன்னாடி எழுத்து கோணிப்போச்சுன்னா அப்பா தாங்க மாட்டார். அதான் பயம்."

அந்த வரியை அடித்துவிட்டேன். வில்லி இல்லாமல் கதை நகருமா என்ற கவலை எனக்கு. அண்ணனுக்கு அந்தக் கவலையே இல்லை.

"கடை கேக் அது பாட்டுக்கு வரட்டும். என் கேக் அது பாட்டுக்கு வரும்."

விருந்தன்று காலை க்ரீம் நிரப்பிய கூம்புப் பையை வலது கையில் பிடித்தார். இடது கை இதற்குள் நன்றாகவே பழகியிருந்தது. அதில் எழுதலாமே என்று அண்ணி கெஞ்சினார்.

"இடது கையில எழுதினா அது என் எழுத்தாம்மா?"

'வாழ்த்துகள்' என்று எழுதினார். ழகரத்தின் வால் கேக்கின் விளிம்பைத் தாண்டித் தட்டுக்கே இறங்கிவிட்டது. அண்ணி துடைக்கப் போனார். அண்ணன் விடவில்லை.

4

விருந்தினர்களில் ஒருவர் குட்டியின் மேற்பார்வையாளர். பயிற்சிக்கு வந்தவர்கள் அந்த அம்மாளுக்கு வைத்த பெயர் சிவப்பு விளக்கு. யாரையும் நிறுத்தாமல் விடமாட்டார். மேசையில் இரண்டு கேக்குகள். அண்ணன் வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றார். அந்தக் கை பற்றிச் சிவப்பு விளக்குக்கு ஒன்றும் தெரியாது.

அவர் ஆரஞ்சு கேக்கை எடுத்து மென்றார். யோசித்தார்.

"நல்லா எழும்பியிருக்கு. ஆனா இனிப்பு கொஞ்சம் தூக்கல்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

(இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அண்ணன் சமையலறைக்குள் போய்க் கண்ணீர்... சீ. இன்னொன்றில், விஷயம் தெரிந்து அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்கிறார். மூன்றாவதில் கடை கேக் கீழே விழுகிறது. கடைக்காரர் என்ன பாவம் செய்தார்?)

நடந்தது வேறு. அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"மேடம், பத்திரிகையில போட்ட அளவுதான் போட்டேன்."

"பத்திரிகைக்காரங்களா சாப்பிடுறாங்க? உங்க நாக்கு என்ன சொல்லுது?"

"ஒரு கரண்டி கூடப் போட்டேன். லேசாக் கசந்துச்சு."

"தோலைத் துருவும்போது உள்ளே இருக்கிற வெள்ளையையும் சேர்த்துத் துருவியிருப்பீங்க. கசப்பு அதுல வருது. அதை மறைக்கச் சர்க்கரையை அள்ளிப் போட்டுட்டீங்க."

"வெள்ளையா? இப்படித்தானே துருவினேன்!"

துருவிக் காட்ட வலது கை பையிலிருந்து வெளியே வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் அது நடுங்கிக்கொண்டே காற்றில் ஆரஞ்சைத் துருவியது. அந்த அம்மாள் பார்த்தார். பார்த்துவிட்டு, "அழுத்தாதீங்க. மேலாக்கத் துருவுங்க" என்றார். இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் திரும்பி எங்களைப் பார்த்தாரே ஒரு பார்வை! கிரேனிலிருந்து இறங்கி வந்த நாட்களில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதத்தை நான் பார்த்ததில்லை. "கேட்டீங்களா? தப்பு கண்டுபிடிச்சிட்டாங்க!" என்று எங்களிடம் சொன்னார், பரிசு வாங்கியவர் மாதிரி. குட்டி வாசல்வரை போய், தாமதமாக வந்தவர்களிடமெல்லாம் "முதல்ல ஆரஞ்சு கேக். எங்கப்பா செஞ்சது. கோணலா எழுதியிருக்கும், அதுதான்" என்றாள்.

அந்த நேரம் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. என் கதை எதற்காகவும் நான் அப்படிப் பூரித்ததில்லை.

5

இதுவரை எழுதியதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன்.

"கையைப் பத்தி நிறைய இருக்கு. கேக்கைப் பத்தி ஒண்ணுமே காணோமே?"

ஆகவே அவருக்காக: மேலே பொன்னிறம், நடுவில் மெல்லிய வெடிப்பு. வெட்டும்போது கத்தியில் ஒட்டவில்லை. வெதுவெதுப்பாக இருக்கும்போது வீடே ஆரஞ்சுத் தோலை உரித்தது போல மணக்கும். வாயில் வைத்தால் முதலில் உதிர்ந்து, பிறகு கரையும்.

"இப்ப சரி" என்றார். மேலாகத் துருவிச் செய்த புதிய கேக்கில் ஒரு துண்டை வெட்டி என் முன்னால் வைத்தார். "உண்மையைச் சொல்லு."

மென்றேன். கசப்பு இல்லை. இனிப்பு கச்சிதம். ஆனால்...

"நடுவுல கொஞ்சம் வேகல, அண்ணா."

அவர் முகம் மலர்ந்தது. "எங்கே, காட்டு?" என்று தட்டை வாங்கி, விரலால் அழுத்திப் பார்த்து, "ஆமா!" என்றார். பிறகு என் காகிதங்களைத் தட்டினார். "உன் கதையும்தான் ஒரு இடத்துல வேகல."

"எந்த இடத்துல?"

"படிக்கிறவங்க சொல்லட்டும்."

எவ்வளவோ கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அதனால் இதை இறக்கி ஆறவைக்காமல், சுடச்சுட உங்கள் தட்டில் வைக்கிறேன். கடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அண்ணனைப் போல நானும் சண்டைக்கு வருவேன். தயவுசெய்து, அருமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.