மடக்கிக் காட்டுங்க

அக்கா என் சுட்டுவிரலைப் பிடித்து மடக்கி அழுத்தியபோது எனக்குக் கண்ணில் பொறி பறந்தது. "கத்தாதடி, பக்கத்து வீட்டுல என்னமோ ஏதோன்னு நினைக்கப் போறாங்க" என்றாள். வலித்தால் கத்துவதற்குக்கூட அடுத்த வீட்டுக்காரர்களை யோசிக்க வேண்டியிருந்தது. வேலைக்குப் போகும் வழியில் தினமும் காலையில் வந்துவிடுவாள். எண்ணெயை வெதுவெதுப்பாகச் சூடு பண்ணி, மணிக்கட்டிலிருந்து நுனிவரை நீவி, பிறகு ஒவ்வொரு விரலாக மடக்குவாள். பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்ததை என்னைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டவள் அவள்தான். "இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று அந்த அம்மா சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே லாண்டரியில்தான் வேலை. ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பும் இடம். அவள் சூப்பர்வைசர், நான் ரோலரில் நிற்பவள். ரோலர் என்றால் ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் சூடான உருளை. ஈர விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்துக் கொடுத்தால், அது இழுத்துக்கொண்டு மறுபக்கம் மொடமொடவென்று வெளியே தள்ளும். கையும் கூடவே போய்விடாமல் இருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் போதும், உருளை நின்றுவிடும். ஆனால் விரல் எது, துணி எது என்று கம்பிக்குத் தெரியாது. விரிப்பு மடிந்து கனமாக வந்து பட்டாலும் நிற்கும். மறுபடி ஓட்டுவதற்குள் உள்ளே இருப்பது பழுப்பேறிவிடும். அதனால் அவசரமான நாட்களில் கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்துக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவது எங்கள் இடத்து வழக்கம். முதலாளி வரும்போது மட்டும் அவிழ்த்துவிடுவோம். அவரும் உள்ளே நுழைவதற்கு முன்னால் வாசலில் நின்று சத்தமாக இருமுவார். அவிழ்ப்பதற்கு நேரம் வேண்டும் அல்லவா, அந்த அளவுக்கு நல்ல மனுஷன்.

அன்றைக்கு ஏதோ ஒரு ஹோட்டலில் பெரிய கூட்டம். அக்காதான் வந்து கட்டினாள். "மத்தியானத்துக்குள்ள வண்டி கிளம்பணும், சும்மா சும்மா நிறுத்திக்கிட்டு நிக்காத" என்று சொல்லிக்கொண்டே முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தலையணை உறையின் ஓரம் என் வலது கை விரல்களில் சுற்றிக்கொண்டது. மீதியை நான் யாரிடமும் சொல்வதில்லை. கேட்பவர்கள் உடனே தங்கள் கையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள், அது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. தொடையிலிருந்து தோலை உரித்துக் கையில் ஒட்டினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் பாதி தெளிந்தபோது எதிரில் முதலாளி பழக்கூடையோடு நின்றிருந்தார். பக்கத்தில் அக்கா. அவள் குனிந்து என் நெற்றியை வருடிக்கொண்டே கேட்டாள். "ஏன்டி, நீதானே கம்பியைக் கட்டின? சார் கேக்கிறாரு, சொல்லு."

நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன். முதலாளிக்கு அது போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார், "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்றார், போய்விட்டார். அதன்பிறகு லாண்டரியில் எல்லோரும் நானே கட்டி நானே கையை விட்டுக்கொண்டதாகப் பேசினார்கள். அருகில் நின்று பார்த்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். வேலை வேண்டுமே.

வக்கீல் யோசனை என் வீட்டுக்காரருடையது. வாடகை வண்டி ஓட்டுகிறவர். என் கை வெந்ததிலிருந்து சொந்த வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நேரடியாகச் சொல்லமாட்டார். "அந்த கலர் நல்லா இருக்குல்ல?" என்று தெருவில் போகும் வண்டியைக் காட்டுவார். நானும் பார்த்து நல்லாயிருக்கு என்பேன். ஒருநாள் என்னை ஏற்றிக்கொண்டு ஒரு செல்போன் கடையின் மாடிக்கு அழைத்துப் போனார்.

வக்கீல் சின்ன வயசுக்காரர், தணிந்த குரல். துணிக்கடையில் சாயம் போகுமா என்று பார்ப்பவர் மாதிரி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மடக்கிக் காட்டுங்க" என்றார். விரல்கள் பாதி வழியில் நின்றன. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

"நீங்களே கட்டினதா ஒத்துக்கிட்டீங்கன்னு அவங்க சொல்லுவாங்கம்மா. பரவாயில்ல, அதை நான் பாத்துக்கறேன். யார் கட்டினா என்ன, அந்த மிஷினை அப்படி ஓட்ட விட்டது அவங்க தப்பு. ஆனா கை எவ்வளவு போச்சுங்கிறதை டாக்டர் எழுதிக் கொடுக்கணும். பாதிக்கு மேல போச்சுன்னு எழுதினா நான் எடுத்துக்கறேன். குறைஞ்சா, எனக்கும் வீண் அலைச்சல், உங்களுக்கும் வீண் அலைச்சல்."

"தினம் பயிற்சி குடுக்கறோம் சார், கொஞ்சம் கொஞ்சமா சரியாகுது" என்றேன் அசடு மாதிரி.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் பொய் சொல்லச் சொல்லலம்மா. டாக்டரைப் பாக்கிற வரைக்கும் அவசரப்பட வேண்டாம்னு மட்டும் சொல்றேன்" என்றார்.

அன்றிலிருந்து என் கைக்கு வீட்டில் இரண்டு எஜமானர்கள். காலையில் அக்கா வந்து மடக்குவாள். அவள் போனதும் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து, "ரொம்ப வலிக்குதா? நாளைக்கு வேணாம்னு சொல்லிடேன்" என்பார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்கு வலிக்கிறதா என்று அவர் கேட்டது அந்த வாரத்தில்தான். நான் பிசைந்து பழகும் ரப்பர் பந்தை எங்கேயோ ஒளித்துவைத்தார். அக்கா மறுநாளே புதிதாக ஒன்று வாங்கிவந்தாள். அதுவும் காணாமல் போனது. யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவள் அழுத்திய அழுத்தலிலேயே எனக்குப் புரிந்தது. என் கை சரியாகிவிட்டால் வழக்கு இல்லை, வழக்கு இல்லையென்றால் அவள் வேலைக்கு ஆபத்தில்லை. என் கை குணமாக வேண்டும் என்று உலகத்தில் மனதார ஆசைப்பட்டவள் அவள் ஒருத்திதான். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

டாக்டரைப் பார்க்க நாள் குறித்த பிறகு ஒரு காலையில் நானே வாயைத் திறந்தேன். அவள் கட்டைவிரலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீதான் கட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லு. சார்கிட்ட வேணாம். ஊருக்கு வேணாம். என்கிட்ட சொல்லு. வக்கீலும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு விட்டுடறேன்."

உண்மையாகத்தான் சொன்னேன். அவள் அப்போது சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். வீட்டுக்காரரின் வண்டி எந்த நிறத்தில் போனால் எனக்கென்ன.

அவள் என் கையை நீவுவதை நிறுத்தவில்லை. "சொன்னா உன் கை பழைய மாதிரி ஆயிடுமா?" என்றாள்.

"ஆகாது."

"அப்புறம் எதுக்கு? உனக்கு மாசம் பொறந்தா கொண்டுவந்து குடுக்க ஒருத்தர் இருக்காரு. எனக்கு யாரு இருக்கா? அவன் விட்டுட்டுப் போனதுலேர்ந்து ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு நான் படற பாடு உனக்குத் தெரியாதா?" கட்டைவிரலை விட்டாள். பிறகு அடுத்த விரலைப் பிடித்தாள். "இத்தனை பேரு அதே ரோலர்ல நிக்கிறாங்க. எவளாவது கையைக் கொண்டுபோய் விட்டாளா? நீ பராக்குப் பாத்ததுக்கு நான் என்னடி பண்றது?"

அவ்வளவுதான். எனக்குள் ஏதோ ஒன்று அன்றைக்கு அடங்கிப்போனது. அழுகைகூட வரவில்லை. வக்கீலிடம் போவது என்று முடிவு செய்துவிட்டேன். பணத்துக்காக இல்லை. அவளை ஒரு கூண்டில் ஏற்றி, யார் கட்டினது என்று முன்பின் தெரியாத ஒருவர் நிறுத்தி நிதானமாகக் கேட்பதைப் பார்க்கவேண்டும். வேலை போய் அவள் என் வாசலில் வந்து நிற்கவேண்டும். இப்படியெல்லாம் யோசிக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் யோசிப்பதில் ஒரு சுகம் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்குள் கை நன்றாகிக்கொண்டிருந்தது. ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறக்கப் போனபோது நான்கு விரல்களும் தாமாக மடங்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டன. பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டேன். பிறகு கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி பிடித்தேன். பிடித்தது. திறந்தேன், மூடினேன். என் கை எனக்குத் திரும்பக் கிடைத்ததை யாரிடமும் சொல்லாமல் ஈரத் தரையில் நின்று சந்தோஷப்பட்டேன். வெளியே வரும்போது விரல்களை விறைப்பாக வைத்துக்கொண்டு வந்தேன். அக்காவிடமும் அப்படியே கொடுத்தேன். "இன்னிக்கு லேசா வருதே" என்றாள் ஒருநாள், என் கண்ணைப் பார்த்து. "இல்லையே, உயிர் போகுது" என்றேன்.

டாக்டரிடம் போன அன்று அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது. "உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்?" என்றார். "என் தங்கச்சிக்கு நான் வராம யாரு வருவா?" என்றாள்.

டாக்டர் என்னை உயரமான படுக்கையில் உட்காரவைத்தார். ஊசியால் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். "மடக்கிக் காட்டுங்க." நான் முகத்தைச் சுளித்து, தோளை உயர்த்தி, பாதியில் நிறுத்தினேன். "இன்னும்." முடியவில்லை என்றேன். அவரே பிடித்து அழுத்தினார். எனக்கு உண்மையாகவே வலித்தது, கண்ணில் நீரும் உண்மையாகவே வந்தது. வீட்டுக்காரர் நாக்கால் 'ச்சு ச்சு' என்றார். அக்கா சுவரோரமாகக் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்தாள். இவளுக்கு எல்லாம் தெரியும், இப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை.

டாக்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டு மேஜைக்குப் போனார். "கஷ்டம்தான். பாதிக்கு மேல போயிருக்கு" என்று சொல்லிக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றினார். "இறங்குங்கம்மா, பாத்து."

படுக்கைக்குக் கீழே கால் வைக்க ஒரு சின்னப் படி இருந்தது. நான் இறங்க நகர்ந்ததும் அக்கா முன்னால் வந்து கையை நீட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுவரை நான் எழுந்திருக்கும்போதெல்லாம் அவள் அப்படித்தான் ஓடிவந்து கொடுப்பாள், எப்போதும் என் இடது பக்கம். அன்றைக்கு என் வலது பக்கம் நின்றிருந்தாள். என் கால் படியின் ஓரத்தில் பட்டது. படி சறுக்கியது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

விழவில்லை. நிமிர்ந்து நேராக நின்றேன். டாக்டர் எழுதவில்லை. வீட்டுக்காரர் வாய் திறந்திருந்தது. நான்கு விரல்களும் கட்டைவிரலும் அவள் கைக்கடிகாரத்துக்கு மேலே அழகாக, முழுசாக மடங்கியிருந்தன. தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று அவள் முகத்தில் தேடினேன். அது எப்போதும்போல, என் நெற்றியை வருடியபோது இருந்தது போலத்தான் இருந்தது.

"பாத்தீங்களா டாக்டர், எவ்வளவு நல்லா பிடிக்கிறா" என்றாள். அவள் குரல் தழுதழுத்தது. பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "விடுடி" என்றாள்.

நான் விடவில்லை. இறுக்கினேன். ஒட்டுப்போட்ட தோல் இழுத்து எரிந்தது, எலும்பு எலும்பில் உரசுவது தெரிந்தது, இன்னும் இறுக்கினேன். "வலிக்குதுடி" என்றாள். கத்தினால் பக்கத்து அறையில் என்ன நினைப்பார்களோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடிகாரப் பட்டை சதைக்குள் அழுந்தியது. அவள் விரல் நுனிகள் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டு வந்தன.